மெஷினா, ஆபரேஷனா, ஊசியா? குறட்டை நோய்க்குச் சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருவல்லிக்கேணியில் யாரும் ரகசியமாகக் குறட்டை விட முடியாது. பழைய தெருக்களில் ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். மேன்ஷன்களில் ஓர் அறைக்கு இரண்டு பேர், மூன்று பேர். வேலை தேடிச் சென்னைக்கு வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக இடம் கொடுத்த அந்த அறைகளில், "இவன்கூட ஒரே ரூம்ல படுக்க முடியலப்பா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

கேலியாகச் சொல்லப்படும் அந்தப் புகார், சில நேரம் ஒரு நோயின் முதல் மருத்துவக் குறிப்பாகவும் இருக்கும். ஏனென்றால், இந்த நோய் உள்ளவருக்கு அது தெரியாது. அவர் தூங்கிக்கொண்டிருப்பார். விழித்திருந்து பார்ப்பவர் மனைவியோ, கணவரோ, அறைத்தோழரோதான். பெரிய சத்தத்துடன் குறட்டை வரும். திடீரென்று நின்றுவிடும். அமைதி. மூச்சே இருக்காது. பிறகு திணறலோடு ஒரு பெருமூச்சு, மறுபடியும் குறட்டை. இதுதான் 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா'. தமிழில், உறக்க மூச்சுத்தடை.

இந்த நோயைக் கண்டுபிடிப்பதுகூட இப்போது அவ்வளவு சிரமமில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பல குடும்பங்கள் குழம்பி நிற்கின்றன.

ஒரு கூடம், ஐந்து யோசனைகள்

திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு குடும்பத்தின் கதை அல்ல இது. இந்த நோய் தெரியவந்த பல வீடுகளில் நடக்கும் பேச்சை ஒரே கூடத்தில் உட்காரவைத்த கற்பனைக் காட்சி.

வீட்டுக்காரருக்கு வயது 48. ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். எடை 90 கிலோ. பி.பி மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்கவில்லை. சிக்னலில் வண்டி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் கண் சொக்குகிறது. மனைவி ஒருநாள் சொல்லியேவிட்டார்: "ஏங்க, உங்களுக்கு மூச்சு நின்னா எனக்குத் தூக்கம் போயிடுது. திரும்ப வர்ற வரைக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே கிடக்கறேன்."

டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஏ.ஹெச்.ஐ - 34' என்று இருந்தது.

அன்றிரவே கூடத்தில் ஆளுக்கொரு யோசனை. டாக்டர் மெஷின் வாங்கச் சொன்னார். "மூஞ்சியில மாஸ்க் மாட்டிக்கிட்டு எவன் தூங்குவான்? ஆபரேஷன் பண்ணிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுது" என்றார் அண்ணன். "எடையைக் குறைங்க, தானா சரியாகும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். பல் டாக்டர் ஒரு கிளிப் தருவார் என்று படித்திருந்தாள் கல்லூரிக்குப் போகும் மகள். புதிதாக வந்திருக்கும் ஊசியைப் பற்றிச் சொன்னார் மச்சான்.

இந்த ஐந்து யோசனைகளில் எதுவுமே அபத்தமில்லை. ஐந்துமே உண்மையான சிகிச்சைகள்தான். ஆனால், யாருக்கு எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது?

விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் மூச்சுப்பாதையைத் திறந்தே வைத்திருக்கும். தூங்கும்போது அவை தளரும். பாதை கொஞ்சம் குறுகினால் காற்று உரசிக்கொண்டு போகும்; அது வெறும் குறட்டை. நாக்கின் அடிப்பகுதியும் அண்ணமும் சரிந்து பாதையை முழுவதுமாக அடைத்துவிட்டால், மார்பு ஏறி இறங்கினாலும் உள்ளே காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஒரு நொடி எழுப்பிவிடும். பாதை திறக்கும். தூங்குபவருக்குக் காலையில் அது நினைவிலேயே இருக்காது.

இப்படி 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, கணிசமாகக் குறைந்தாலோ அதை ஒரு தடவையாகக் கணக்கிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை என்பதுதான் 'ஏ.ஹெச்.ஐ'. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே என்றால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் தீவிரம். நம் வேன் டிரைவரின் எண் 34. ஆறு மணி நேரம் தூங்கினால், 200 முறைக்கு மேல் மூச்சு தடைப்படுகிறது என்று அர்த்தம்.

இரவெல்லாம் இப்படி ஆக்சிஜன் இறங்கி ஏறினால் உடம்பு சும்மா இருக்குமா? ரத்த அழுத்தம் ஏறும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல், பக்கவாதம், சர்க்கரைநோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. எல்லாவற்றையும்விட உடனடி ஆபத்து, பகலில் வரும் தூக்கம். அதுவும் ஸ்டீயரிங் முன்னால் வரும் தூக்கம்.

'டிஸ்கோ' பாடல்களால் இந்தியாவையே ஆடவைத்த இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் 69 வயதில் காலமானபோது, இந்த நோய்தான் காரணம் என்று மருத்துவமனைத் தரப்பில் சொல்லப்பட்டது. அவருக்கு வேறு பல உடல்நலப் பிரச்னைகளும் இருந்தன. ஆனாலும், 'குறட்டையில் இவ்வளவு இருக்கிறதா' என்று பலரும் கேட்டது அன்றைக்குத்தான்.

நோய் அபூர்வமானதல்ல. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உழைக்கும் வயதில் உள்ள சுமார் 10.4 கோடி இந்தியர்களுக்கு இது இருக்கலாம். குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதும் தவறு. தாடை சிறியதாக, பின்தள்ளி இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும்.

முதலில் டெஸ்ட், பிறகுதான் மெஷின்

சிகிச்சையைப் பற்றிப் பேசும் முன் ஒரு சுய பரிசோதனை. டொரான்டோவைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ஃபிரான்சஸ் சங் குழுவினர் 2008-ல் வெளியிட்ட 'ஸ்டாப்-பேங்' என்ற கேள்விப் பட்டியல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. வீட்டிலேயே பதில் சொல்லலாம்.

1. மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குக் குறட்டை வருகிறதா?
2. பகலில் அடிக்கடி களைப்பு, தூக்கம் வருகிறதா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்த அழுத்தம் இருக்கிறதா, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
5. பி.எம்.ஐ 35-க்கு மேலா?
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா?
8. ஆணா?

மூன்று 'ஆம்' இருந்தால் டாக்டரிடம் பேச வேண்டும். ஐந்து இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

இது டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று சொல்லும் பட்டியல் மட்டுமே. நோயை உறுதிசெய்வது 'ஸ்லீப் ஸ்டடி'. மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் பதிவுசெய்வது ஒரு முறை. சின்னக் கருவியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்குவது இன்னொரு முறை. வேறு சிக்கலான நோய்கள் இல்லாத, அறிகுறிகள் தெளிவாக இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டு டெஸ்ட்டே பெரும்பாலும் போதும். இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்களுக்கு மருத்துவமனை டெஸ்ட்தான் சரி.

பணம் கட்டிப் பார்க்க முடியாதவர்கள் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு ஓமந்தூரார் அரசு மருத்துவமனையும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் பக்கம்தான். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சக நோய் அல்லது காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் காட்டி, ஸ்லீப் ஸ்டடிக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்கலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஏ.ஹெச்.ஐ எவ்வளவு? ஆக்சிஜன் எவ்வளவு தூரம் இறங்கியது? மல்லாந்து படுக்கும்போது மட்டும் அதிகமாக இருக்கிறதா? சிகிச்சையைத் தீர்மானிக்கப்போவது இந்த மூன்று பதில்கள்தான்.

மெஷின்: வாங்குவது எளிது, மாட்டுவதுதான் கஷ்டம்

1980 வரை தீவிரமான ஸ்லீப் ஆப்னியாவுக்கு இருந்த உறுதியான வழி ஒன்றுதான்: கழுத்தில் துளை போட்டு மூச்சுவிட வைப்பது. அதற்கு ஒப்புக்கொள்ளாத ஒரு நோயாளிக்காக, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் வேறொரு வழியை முயன்றார். வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றை மூக்கு வழியாகத் தொடர்ந்து செலுத்தினார். அடைத்துக்கொண்டிருந்த தொண்டை திறந்தது. 1981-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. அதுதான் இன்றைய 'சி-பேப்' மெஷினின் ஆரம்பம்.

மெஷின் ஆக்சிஜன் கொடுப்பதில்லை. அறைக் காற்றையே மெல்லிய அழுத்தத்தில் அனுப்புகிறது. அந்த அழுத்தம் மூச்சுப்பாதை சரியாமல் உள்ளிருந்தே தாங்கிக்கொள்கிறது. நடுத்தர, தீவிர நிலைகளுக்கு இன்றும் இதுதான் முதல் சிகிச்சை. சரியாக மாட்டினால் முதல் இரவிலேயே குறட்டை நின்றுவிடும்.

ஆனால், மாட்டினால்தான். இந்தியா உட்படப் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 2,700 இதய, பக்கவாத நோயாளிகளிடம் நடந்த 'சேவ்' என்ற பெரிய ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. மெஷினால் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. ஆனால், மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மெஷினைப் பயன்படுத்தியது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். இன்னும் கூடுதலாகப் போட்டிருந்தால் இதயத்துக்குப் பலன் கிடைத்திருக்குமா என்ற விவாதம் தொடர்கிறது. 'மெஷின் வாங்கிவிட்டோம், இனி ஹார்ட்டுக்கு ஒன்றும் வராது' என்று நினைத்துவிடக் கூடாது என்பது மட்டும் தெளிவு.

விலை, சுமார் 30,000 ரூபாயில் தொடங்கி 80,000 வரைகூடப் போகும். அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் 'ஆட்டோ' வகைக்கு விலை கூடுதல். மாஸ்க், ஃபில்டர் போன்றவற்றை அவ்வப்போது மாற்றும் செலவும் உண்டு. தனியார் காப்பீட்டு பாலிசிகள் பலவற்றில் இந்த மெஷினுக்குப் பணம் கிடைக்காது. மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.ஹெச்.எஸ் திட்டத்தில் முன் அனுமதி பெற்றுப் பணம் திரும்பப் பெற வழி இருக்கிறது.

அதனால், முதல் நாளே மொத்தப் பணத்தையும் கட்ட வேண்டாம். வாடகைக்கோ, சோதனை முறையிலோ சில வாரங்கள் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பழகுவதற்குச் சில வழிகள்:

• முதல் சில நாள் தூங்கப்போகும்போது மாட்டாதீர்கள். டி.வி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள்.

• முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்தான் பலர் மெஷினை மூட்டை கட்டிவைக்கக் காரணம். மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் பொருந்துவது, வாயையும் சேர்த்து மூடுவது என்று வகைகள் உண்டு. மாற்றிப் பாருங்கள்.

• ஏ.சி அறையில் தொண்டை வறண்டால், காற்றை ஈரப்படுத்தும் 'ஹியூமிடிஃபையர்' உதவும். அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தினமும் மாற்ற வேண்டும்.

• கரன்ட் போனால் மூச்சு முட்டுமோ என்று பயம் வேண்டாம். மாஸ்க்கில் காற்றுத் துளைகளும் வால்வும் உண்டு. ஆனால், சிகிச்சை நின்றுவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைத்துவிடலாம். ஒரு ஃபேன் அளவுக்குத்தான் கரன்ட் இழுக்கும்.

• பழைய மெஷினை மலிவாக யாராவது கொடுத்தால் மாடலை விசாரியுங்கள். உள்ளே இருந்த நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது. அந்த வரிசையில் வந்ததாக இருக்கக் கூடாது.

பல் டாக்டர் தரும் கிளிப்

மகள் சொன்ன கிளிப்புக்குப் பெயர், கீழ்த்தாடையை முன்னே நகர்த்தும் கருவி. தூங்கும்போது பற்களில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னால் வரும். கூடவே நாக்கும் முன்னால் வந்து தொண்டையில் இடம் கிடைக்கும். சத்தமில்லை, கரன்ட் வேண்டாம், பயணத்தில் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் மேன்ஷன் வாசிக்கு இது பெரிய வசதி.

லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கும், எவ்வளவு முயன்றும் மெஷினுக்குப் பழக முடியாதவர்களுக்கும் இது நல்ல வழி. ஏ.ஹெச்.ஐ-யைக் குறைப்பதில் மெஷின் அளவுக்கு வராது. ஆனால், மெஷினைவிட அதிக நேரம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் கிடைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஈறுநோய், ஆடும் பற்கள், பல்செட் உள்ளவர்களுக்குச் சரிவராது. தாடை வலியும், நாளடைவில் கடிவாயில் சிறு மாற்றமும் வரலாம். இந்தப் பயிற்சி உள்ள பல் மருத்துவரிடம் அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்வது வேறு. மாட்டிக்கொண்ட பிறகு மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்ப்பதும் அவசியம். குறட்டைச் சத்தம் நின்றிருக்கும், மூச்சுத்தடை நிற்காமல் இருக்கலாம்.

ஆபரேஷன்: குழந்தைக்கு ஒரு கணக்கு, பெரியவருக்கு வேறு கணக்கு

'ஆபரேஷன் செய்தால் ஒரே நாளில் முடிந்தது' என்ற அண்ணனின் பேச்சு, ஒரு குழந்தையைப் பற்றியதாக இருந்தால் பெரும்பாலும் சரி. வாயைத் திறந்துகொண்டே தூங்குவது, குறட்டை, ராத்திரி வியர்ப்பது, படுக்கையை நனைப்பது, பகலில் துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காமல் இருப்பது, படிப்பில் கவனமின்மை... குழந்தைகளிடம் இந்த நோய் இப்படித்தான் தெரியும். வீங்கிய டான்சிலும் அடினாய்டும்தான் அவர்களுக்குப் பெரும்பாலும் காரணம். அவற்றை அகற்றுவதே முதல் சிகிச்சை. பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன் கிடைக்கும்.

பெரியவர்கள் விஷயம் அப்படியல்ல. உள்நாக்கையும் அண்ணத்தின் ஒரு பகுதியையும் அகற்றும் ஆபரேஷன், மெஷினைப் போலவே 1981-ல்தான் அமெரிக்காவில் அறிமுகமானது. இத்தனை ஆண்டு அனுபவத்தில் தெரிந்தது, ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது கைகொடுக்கிறது. காரணம், அடைப்பு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. அண்ணத்தைச் சரிசெய்தால் நாக்கின் அடியில் அடைக்கும். அதனால்தான் இப்போது, மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, சின்ன கேமராவைத் தொண்டைக்குள் செலுத்தி எங்கே அடைக்கிறது என்று பார்த்த பிறகே பல மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்வது மட்டும் இந்த நோயைப் பெரும்பாலும் தீர்க்காது. ஆனால், மெஷின் மாட்டுவதைச் சுலபமாக்கும். தாடை எலும்பையே முன்னகர்த்தும் ஆபரேஷனில் பலன் அதிகம். அது பெரிய ஆபரேஷனும்கூட. நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை மார்புக்குள் பொருத்தும் முறைக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி கொடுத்தது. நம் ஊரில் அது இன்னும் பரவலாகவில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை: எனக்கு அடைப்பு எங்கே? என்னைப் போன்ற நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஏ.ஹெச்.ஐ பாதிக்கும் கீழே இறங்கியது? அதன் பிறகும் மெஷின் தேவைப்படுமா?

எடையும் ஊசியும்

எதிர்வீட்டுக்காரர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 690 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து 2000-ல் வெளியான ஆய்வின்படி, எடை 10 சதவீதம் கூடினால் ஏ.ஹெச்.ஐ சுமார் 32 சதவீதம் கூடுகிறது. 10 சதவீதம் குறைந்தால் சுமார் 26 சதவீதம் குறைகிறது. நம் டிரைவருக்கு 10 சதவீதம் என்றால் 9 கிலோ. அவருடைய 34, அந்தக் கணக்கில் 25-க்குப் பக்கம் வரும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால், அப்போதும் நடுத்தர நிலை. அந்த 9 கிலோ இறங்க எத்தனை மாதம் ஆகுமோ, அத்தனை மாதமும் அவர் வேன் ஓட்டியாக வேண்டும். எடைக் குறைப்பைக் கட்டாயம் தொடங்க வேண்டும். அதற்காக மற்ற சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

மச்சான் சொன்ன ஊசி 'டிர்செபடைட்'. உடல்பருமனோடு நடுத்தர அல்லது தீவிர ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. தொடக்கத்தில் மணிக்குச் சராசரியாக 50 தடவை தடைப்பட்ட மூச்சு, ஓராண்டு ஊசிக்குப் பிறகு 25 முதல் 29 தடவை வரை குறைந்திருந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்கா இந்த நோய்க்கான முதல் மருந்தாக அதற்கு அனுமதி அளித்தது. இந்தியாவில் 2025 மார்ச்சில் 'மவுன்ஜாரோ' என்ற பெயரில் சர்க்கரைநோய்க்கும் உடல்பருமனுக்கும் விற்பனைக்கு வந்தது.

வாரம் ஓர் ஊசி. அறிமுகமானபோது ஓர் ஊசியின் விலை 3,500 ரூபாயில் தொடங்கியது. ஆக, சில மாத ஊசிச் செலவு ஒரு மெஷினின் விலையைத் தொட்டுவிடும். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். நிறுத்தினால் எடை திரும்புவதும் உண்டு. உடல்பருமன் இல்லாதவர்களுக்கு இது சிகிச்சையே இல்லை. டாக்டர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

செலவில்லாத சில வழிகள்

மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு அதிகம் தடைப்படுகிறது என்று ரிப்போர்ட் சொன்னால், பக்கவாட்டில் படுப்பதே பாதி வைத்தியம். பழைய டி-ஷர்ட்டின் முதுகுப்புறம் ஒரு பை தைத்து, அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்வது உலகறிந்த உத்தி. புரண்டு மல்லாந்தால் பந்து குத்தும், தானாகத் திரும்பிவிடுவார்கள்.

மது, தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரைகளும் அப்படியே. 'தூக்கம் சரியில்லை' என்று இந்த நோய் உள்ளவர் தானாகத் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். மூக்கடைப்பைச் சரிசெய்துகொள்வதும் உதவும்.

தொண்டைக்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுப்பதில் ஓரளவு பலன் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் 'டிஜரிடூ' என்ற நீளமான ஊதுகருவியை நான்கு மாதம் வாசித்துப் பழகியவர்களுக்கு நோயின் அளவும் பகல் தூக்கமும் குறைந்ததாக, சுவிட்சர்லாந்தில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று 2006-ல் சொன்னது. லேசான, நடுத்தர நிலைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தீவிர நிலைக்கு இது மட்டும் போதாது. மூக்கில் ஒட்டும் பட்டை, விரலில் மாட்டும் மோதிரம் என்று விளம்பரத்தில் வருபவற்றை நம்பி ஸ்லீப் ஸ்டடியைத் தவிர்ப்பது அதைவிட மோசம்.

பெண்கள் சொல்லாத குறட்டை

ஸ்டாப்-பேங் பட்டியலில் 'ஆணா?' என்று ஒரு கேள்வி இருப்பதாலேயே பெண்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் ஆபத்து ஏறுகிறது. ஆனால், டாக்டரிடம் அவர்கள் சொல்வது குறட்டையை அல்ல. 'எப்பவும் களைப்பு, காலையில் தலைவலி, ராத்திரி தூக்கமே வரலை' என்பார்கள். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு என்று மருந்து மாறும். மூச்சை யாரும் கவனிப்பதில்லை. கணவரின் குறட்டையை மனைவி எண்ணுகிறார். மனைவியின் குறட்டையை எண்ணக் கணவர் விழித்திருப்பதில்லை.

கூடத்தில் எடுத்த முடிவு

மறுபடியும் அந்தக் கூடத்துக்கு வருவோம். எண் 34, பி.பி கட்டுப்படவில்லை, வேலையோ பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், காத்திருந்து பலன் தரும் எந்த வழியும் முதல் வழியாக இருக்க முடியாது. மெஷின்தான் முதலில். ஒரு மாத வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. எடைக் குறைப்பு கூடவே தொடங்கும். பாரதி சாலையிலிருந்து மெரினா வரை நடக்க அவருக்குத் தெரு வழி சொல்ல வேண்டியதில்லை. மாஸ்க் ஒத்துவரவே இல்லை என்றால் அடுத்தது கிளிப். ஆபரேஷன், எங்கே அடைப்பு என்று பார்த்த பிறகு.

ஆனால், அதைவிடக் கஷ்டமான முடிவு ஒன்று பாக்கி. பகல் தூக்கம் கட்டுக்குள் வரும்வரை வேனை அவர் தொடக் கூடாது. வருமானம் என்னாவது? மச்சான்தான் வாய் திறக்கிறார்: "ரெண்டு வாரம் நான் ஓட்டறேன் மாமா. லைசென்ஸ் இருக்கு, ரூட்டும் தெரியும்." அன்றைக்குச் சொல்லப்பட்ட யோசனைகளில் உடனே பலன் தந்தது அதுதான்.

எல்லா வீட்டிலும் முடிவு இப்படியே இருக்காது. எண் 9 என்று வந்த ஒருவருக்குப் பக்கவாட்டுத் தூக்கமும் எடைக் குறைப்பும் போதலாம். எண் 18 என்று வந்த மேன்ஷன் இளைஞருக்குக் கிளிப் பொருந்தலாம். டான்சில் வீங்கிய பிள்ளைக்கு ஆபரேஷன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: இதை ஒவ்வோர் இரவும் செய்வேனா? அலமாரியில் தூங்கும் விலை உயர்ந்த மெஷினைவிட, தினமும் வாயில் மாட்டும் கிளிப் மேல்.

முதல் வேலையை இன்றிரவே செய்யலாம். உங்கள் வீட்டில் குறட்டை விடுபவர் தூங்கியதும், கையில் இருக்கும் போனை எடுத்து இரண்டு நிமிடம் வீடியோ பிடியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரிப்பதற்காக அல்ல. டாக்டரிடம் காட்டுவதற்கு.